நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தா?

பிரசவ வார்டு வாசலில் அடிக்கடி கேட்கிற வாக்கியம் ஒன்று உண்டு: "இப்பத்தானே நல்லாப் பேசிக்கிட்டிருந்தா, அதுக்குள்ள என்ன ஆச்சு?" குழந்தை பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. தாய் ஒரு வாய் காபி கேட்டிருப்பாள். பிள்ளை யார் ஜாடை என்று பேச்சு நடந்திருக்கும். நர்ஸ் வந்து பிரஷர் பார்த்து 110/70 என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். அடுத்த அரை மணியில் அதே பெண்ணை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்று உறவினர்களுக்குத் தோன்றுவது இயல்புதான். சில இடங்களில் அலட்சியமும் இருக்கத்தான் செய்யும். ஆனால் அலட்சியம் துளியும் இல்லாத இடத்திலும் இது நடக்கிறது. அங்கே ஆபத்தை மறைத்தது அந்தப் பெண்ணின் உடம்பேதான். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்குமான தீவிர சிகிச்சை என்றதும் வென்டிலேட்டர் எத்தனை, படுக்கை எத்தனை என்றுதான் பேச்சு போகிறது. அவை வேண்டும்; மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிகிச்சை தொடங்கவேண்டிய இடம் இயந்திரத்துக்குப் பல மணி நேரம் முன்னால், சாதாரண வார்டுக் கட்டிலின் தலைமாட்டில் இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். பெருநகரத்திலிருந்து தள்ளியிருக்கும் திருத்தணி போன்ற ஊருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

முதலில் உடம்பு என்ன செய்கிறது என்று பார்ப்போம். கருவுற்ற சில வாரங்களிலேயே ரத்தம் பெருகத் தொடங்கிவிடும். நிறைமாதத்தில் அது பழைய அளவைவிட 40 முதல் 50 சதவீதம் கூடியிருக்கும். ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். இதயம் நிமிடத்துக்கு வெளியே தள்ளும் ரத்தமும் 30 முதல் 50 சதவீதம் ஏறுகிறது. நாடித்துடிப்பு 10 முதல் 20 வரை கூடுகிறது. நிறைமாதக் கருப்பைக்கு மட்டுமே நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் ரத்தம் போய் வருகிறது. குழந்தை பிறந்து நஞ்சும் கழன்று விழுந்த பிறகு, அது ஒட்டியிருந்த இடத்தில் திறந்து கிடக்கும் ரத்தக் குழாய்களை மூடும் வேலை முதலில் கருப்பைத் தசைக்கே உரியது. தசை இறுகிச் சுருங்கும்போது அதன் இழைகளுக்கு நடுவே ஓடும் குழாய்கள் நெரிபட்டு அடைபடும். சுருங்காமல் தொளதொளவென்று நின்றுவிட்டால் பத்து நிமிடத்தில் எவ்வளவு போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த இழப்பைத் தாங்குவதற்கான சேமிப்புதான் கூடுதலாக வந்த ஒன்றரை லிட்டர். உயிரைக் காக்கிற அதே சேமிப்புதான் பார்ப்பவர் கண்ணையும் கட்டிவிடுகிறது.

எப்படி என்பதற்கு, கோடையில் மேல்தொட்டி வற்றத் தொடங்கிய ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெரியாது. வீட்டுக்காரர் முதலில் தோட்டத்துக் குழாயை மூடுகிறார். பிறகு துணி துவைக்கும் இடத்தில், பிறகு குளியலறையில். சமையலறைக் குழாயில் மட்டும் தண்ணீர் பழைய வேகத்திலேயே விழுகிறது. அந்தக் குழாயை மட்டும் பார்க்கிறவர் தொட்டி நிறைந்திருக்கிறது என்றுதான் நினைப்பார். கடைசிச் சொட்டு வரை வேகம் குறையாது, பிறகு ஒரேயடியாக நிற்கும். இளம் பெண்ணின் உடம்பும் ரத்தம் குறையும்போது தோலுக்கும் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் வழிகளை ஒவ்வொன்றாக இறுக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் போவதைக் காப்பாற்றுகிறது. அதனால்தான் அவள் தெளிவாகப் பேசுகிறாள். அதனால்தான் பிரஷர் கருவி 110 காட்டுகிறது. ஆரோக்கியமான கர்ப்பிணி ஒரு லிட்டர் ரத்தத்தை இழந்த பிறகும் ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமல் இருக்கலாம். மூடப்பட்ட குழாய்களைத் தேடிப் பார்த்தால் உண்மை தெரியும்: கை கால் சில்லிட்டிருக்கும், யூரின் பையில் சேர்வது குறைந்திருக்கும், நாடி வேகமெடுத்திருக்கும், மூச்சு எண்ணிக்கை ஏறியிருக்கும். வயிற்றில் குழந்தை இருக்கும்போது இது நடந்தால் கருப்பைக்குப் போகும் ரத்தத்தையும் உடம்பு குறைத்துவிடும். தாயின் எண்கள் எல்லாம் சரியாக இருக்கையில் குழந்தையின் இதயத்துடிப்பு முதலில் தடுமாறுவது இதனால்தான்.

எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிட முடியாதா? முடியாது என்பதைக் கர்நாடகத்தின் பெலகாவியில் நடந்த ஆய்வு காட்டியது. பிரசவித்த பெண்ணின் இடுப்புக்கடியில் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை அங்குள்ள மருத்துவர்கள் பயன்படுத்தினார்கள். அதன் நுனி பைபோலக் குவிந்து தொங்கும். பையில் மில்லிலிட்டர் கோடுகள் இருக்கும். கண் மதிப்பீட்டை இந்த அளவோடு ஒப்பிட்டபோது, கண் மூன்றில் ஒரு பங்கு குறைத்தே சொல்லியிருந்தது. விரிப்புத் துணியும் பஞ்சும் உறிஞ்சிக்கொண்டதை யார் கணக்கில் சேர்ப்பார்கள்? இந்த வகை விரிப்பின் அருமை 2023-இல் வெளியான 'இ-மோட்டிவ்' ஆய்வில் இன்னும் தெளிவானது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய 4 நாடுகளில் 80 மருத்துவமனைகள், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள். வழக்கமான முறையில் இயங்கிய மருத்துவமனைகளில் அதிக உதிரப்போக்கு ஏற்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரைத்தான் கண்டுபிடித்திருந்தார்கள். கோடு போட்ட விரிப்பை வைத்த இடங்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கண்டுபிடிக்கப்பட்டார்கள். கண்டவுடன் கருப்பையைத் தேய்த்துவிடுவது, அது சுருங்க ஊசி, ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலம், டிரிப்ஸ், காயம் எங்கே என்ற பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்காமல் ஒரே மூச்சில் செய்தார்கள். கடும் ரத்தப்போக்கும் அதனால் வயிற்றைத் திறக்க நேர்வதும் இறப்பும் சேர்ந்த கணக்கு 60 சதவீதம் குறைந்தது. அந்த மருந்துகளில் எதுவும் புதிதில்லை. கண்டுபிடிக்கும் நேரம்தான் மாறியது.

விரிப்பு இல்லாத இடத்திலும் ஒரு வழி இருக்கிறது. நாடித்துடிப்பின் எண்ணை ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணால் வகுத்துப் பார்ப்பது. இதை அதிர்ச்சிக் குறியீடு என்று சொல்லலாம். இங்கே அதிர்ச்சி என்பது மனம் அதிர்வது அல்ல, உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் போகும் நிலை. நாடி 80, மேல் எண் 110 என்றால் விடை 0.7-ஐ ஒட்டி வரும், கவலையில்லை. அதே 110 நிற்க, நாடி 110 ஆகிவிட்டால் விடை 1. பிரஷர் அப்படியே இருக்கிறது. ஆனால் தொட்டி வற்றிக்கொண்டிருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு 0.9-ஐத் தொட்டாலே பெரிய மருத்துவமனையின் உதவியை யோசிக்கவேண்டும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆக, நர்ஸ் எழுதிய 110/70 என்ற பதிவு பொய்யில்லை. பக்கத்தில் நாடி எழுதப்படவில்லை, அல்லது எழுதியதை யாரும் அதோடு சேர்த்துப் படிக்கவில்லை.

இதில் இரண்டு பேர் தனி வகை. ரத்தசோகை உள்ளவள் ஒருத்தி. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் ரத்தசோகையோடு இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ரத்தசோகை இல்லாதவள் தாங்கும் இழப்பில் பாதியைக்கூட இவளால் தாங்க முடியாமல் போகலாம். மற்றவள் கர்ப்பகால ரத்த அழுத்த நோய் கண்டவள். அவளுக்கு அந்த ஒன்றரை லிட்டர் சேமிப்பு சரியாகச் சேர்ந்திருக்காது, குழாய்களும் ஏற்கெனவே இறுகியிருக்கும். காலையில் 170/110 இருந்தவளுக்கு, பிரசவத்துக்குப் பின் 120/80 வந்துவிட்டால் வார்டே நிம்மதிப் பெருமூச்சு விடும். அந்த 120, ரத்தம் இழந்து இறங்கிய 120 ஆகவும் இருக்கலாம். பார்க்க மிக அழகான எண், அவளைப் பொறுத்தவரை ஆபத்தான எண்.

பரிசோதனைக்கூடத் தாளும் இப்படித்தான். எந்த லேப் ரிப்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள்: வலது ஓரத்தில் இயல்பு வரம்பு என்று ஒரு பத்தி அச்சாகியிருக்கும். அந்த வரம்பு பெரும்பாலும் கர்ப்பமில்லாதவர்களுக்கானது. கிரியேட்டினின் 1.0 என்றால் தாள் இயல்பு என்கிறது. ஆனால் கர்ப்பத்தில் சிறுநீரகம் கூடுதலாக வடிகட்டுவதால் அந்த எண் 0.8-க்குக் கீழே இருக்கவேண்டும், 1.0 என்றால் சிறுநீரகம் சிரமப்படுகிறது என்று பொருள். ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 40 என்றால் தாளுக்கு அது கச்சிதமான எண். கர்ப்பிணி இயல்பாகவே ஆழமாக மூச்சு விடுவதால் அவளுக்கு 30-ஐ ஒட்டித்தான் இருக்கவேண்டும். ஆஸ்துமா முற்றிய கர்ப்பிணிக்கு 40 வந்தால் அவள் மூச்சு விட்டே களைத்துப்போகிறாள், சீக்கிரமே செயற்கைச் சுவாசத்துக்குக் குழாய் போட நேரும் என்று அர்த்தம். ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் 200 என்றால் தாளுக்கு அது வரம்புக்குள். நிறைமாதத்தில் அது 400-க்கு மேல் இருப்பது வழக்கம். உதிரப்போக்கு தொடங்கும்போதே 200-க்கு இறங்கியிருந்தவர்கள் அனைவருக்கும் அது கடும் உதிரப்போக்காகவே முடிந்தது என்று 2007-இல் பிரெஞ்சு மருத்துவர்களின் ஆய்வு கண்டது. சிவப்பு மையில் அச்சாகாத எண்ணைப் பார்த்துப் பதறத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்கவேண்டும். தீவிர சிகிச்சையின் பெரும்பகுதி அதுதான்.

இவற்றை எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்பது தனிக் கதை. 1989-இல் அமெரிக்காவில் கிளார்க் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் ஆரோக்கியமான 10 கர்ப்பிணிகளின் சம்மதத்தோடு இதயத்துக்குள் மெல்லிய குழாய் செலுத்தி 36 முதல் 38 வாரத்துக்குள் அளவெடுத்தார்கள். பிரசவமாகிச் சுமார் 3 மாதம் கழித்து அதே பெண்களுக்கு மறுபடியும் அளந்தார்கள். இதயம் வெளியேற்றும் ரத்தம் கர்ப்பத்தில் 43 சதவீதம் கூடியிருந்தது. 10 பேர்தானே என்று தோன்றலாம். ஒரே பெண்ணைக் கர்ப்பத்திலும் பிறகும் அளந்து அவளோடு அவளையே ஒப்பிட்டதால் அந்தச் சிறிய எண்ணிக்கைக்கே கனம் உண்டு. நோயில்லாதவருக்குள் குழாய் செலுத்தும் இப்படி ஓர் ஆய்வுக்கு இன்று அனுமதி வாங்குவது கடினம். வாரத்துக்கு வாரம் கர்ப்பிணியின் நாடியும் அழுத்தமும் மூச்சும் எப்படி இருக்கவேண்டும் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து அளந்த பிரிட்டன் ஆய்வு 2020-இல்தான் வந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு சான்று இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளி பிழைப்பாரா என்று மதிப்பிட 'அபாச்சி' என்ற புள்ளிமுறை 1980-களிலிருந்து புழக்கத்தில் உள்ளது. அதைப் பிரசவத் தாய்மார்களுக்குப் போட்டால், சாவார்கள் என்று கணித்ததைவிட மிகக் குறைவானவர்களே இறக்கிறார்கள். பல நாடுகளில், இந்தியாவிலும், இதைப் பார்த்திருக்கிறார்கள். கர்ப்பத்தின் இயல்பான மாற்றங்களையும் நோய் என்று புள்ளி போட்டுவிடுவது ஒரு காரணம். மற்றொன்று இன்னும் முக்கியமானது: நோயின் வேர் பெரும்பாலும் கர்ப்பம்தான், அது முடிந்ததும் உடம்பு வேகமாகத் தேறுகிறது. உரிய நேரத்தில் கவனித்தால் இவர்கள் அளவுக்குத் திரும்பி வருகிறவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் அதிகமில்லை.

இங்கே நம் சினிமாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு வந்து, "தாயைக் காப்பாத்தணுமா, குழந்தையைக் காப்பாத்தணுமா?" என்று கேட்கும் டாக்டரை நாம் எத்தனையோ படத்தில் பார்த்துவிட்டோம். அசலில் அந்தக் கேள்விக்கு ஏறக்குறைய இடமே இல்லை. தாய்க்குச் செய்கிற சிகிச்சைதான் குழந்தைக்கும் சிகிச்சை. குழந்தையை வெளியே எடுப்பது பல நேரங்களில் தாய்க்கான மருத்துவமாகவே அமைகிறது. 20 வாரத்துக்கு மேல் ஒரு கர்ப்பிணியை மல்லாந்து படுக்கவைத்தால் கருப்பை பெருங்குழாய்களை அமுக்கி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைத் தடுக்கும். அவள் இதயம் நின்றுபோனால் மார்பை அழுத்தும்போதே கருப்பையை இடப்பக்கமாகத் தள்ளிப் பிடிக்கவேண்டும். 4 நிமிடத்தில் துடிப்பு திரும்பவில்லை என்றால் படுத்த இடத்திலேயே வயிற்றைத் திறந்து குழந்தையை எடுக்கவேண்டும். 1986-இல் முன்வைக்கப்பட்ட இந்த யோசனை இன்று உலகெங்கும் விதி. அதன் முதல் நோக்கம் தாயின் இதயத்தை மறுபடி துடிக்கவைப்பது. பொதுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவருக்கு வென்டிலேட்டர் கைவந்த கலை, கருப்பை பழக்கமில்லை. மகப்பேறு மருத்துவருக்கு நேர் எதிர். இருவரையும் ஒரே கட்டிலருகே நிறுத்தும் ஏற்பாடாகத்தான் மகப்பேறு தீவிர சிகிச்சை தனித் துறையாக வளர்ந்தது. 2016-இல் இந்திய அரசின் சுகாதார அமைச்சகம் இதற்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதில் என் கண்ணில் பெரிதாகப் படுவது, தீவிர சிகிச்சைக்கும் சாதாரண வார்டுக்கும் நடுவே அது வைக்கும் இடைநிலைக் கண்காணிப்புப் பிரிவு. வென்டிலேட்டர் தேவைப்படாத, ஆனால் கண்ணெடுக்காமல் பார்க்கவேண்டிய தாய்மார்களுக்கான சில கட்டில்கள் அவை.

அந்தக் கட்டில்களில் என்ன நடக்கிறது என்று சற்று நெருங்கிப் பார்க்கலாம். கர்ப்பகால ரத்த அழுத்தம் முற்றி வலிப்பு வரும் அபாயத்தில் உள்ளவளுக்கு மெக்னீசியம் சல்ஃபேட் கொடுக்கிறார்கள். 33 நாடுகளில் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002-இல் முடிவு வெளியான 'மேக்பை' ஆய்வு, இந்த மலிவான உப்பு வலிப்பு அபாயத்தைப் பாதிக்கும் கீழே குறைப்பதை நிரூபித்தது. ஆனால் அளவு மிஞ்சினால் மூச்சே நின்றுவிடும். அதைத் தடுக்க நர்ஸ் மூன்று காரியம் செய்கிறார்: சிறு ரப்பர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டி, கால் உதறுகிறதா என்று பார்க்கிறார், நிமிடத்துக்கு மூச்சு 16-க்குக் குறையவில்லையே என்று எண்ணுகிறார், யூரின் பையில் மணிக்கு 30 மில்லியாவது சேர்ந்ததா என்று குனிந்து பார்க்கிறார். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் தலைமாட்டில் தயாராக இருக்கும். இதுவும் தீவிர சிகிச்சைதான். இதில் விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. விலை உள்ளது அந்த நர்ஸின் நேரத்துக்கு. முப்பது கட்டிலுக்கு ஒருவர் என்றிருந்தால் சுத்தியல் மேஜையிலேயே கிடக்கும். எல்லாருடைய கேஸ் ஷீட்டிலும் மூச்சு எண்ணிக்கை ஒரே மாதிரி 20 என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், அங்கே யாரும் எண்ணவில்லை என்று புரிந்துகொள்ளலாம். ஆபத்தை முதலில் சொல்கிற எண்ணும் மூச்சுதான், அளக்காமலே நிரப்பப்படும் எண்ணும் அதுதான்.

குழந்தை பிறந்துவிட்டால் கண்டம் கழிந்தது என்பது இன்னொரு தவறான நிம்மதி. கருப்பை சுருங்கும்போது அதிலிருந்த ரத்தம் சட்டென்று உடம்புக்குத் திரும்புகிறது. இதயத்தின் வேலைப்பளு பிரசவமான சில நிமிடங்களில்தான் உச்சம் தொடுகிறது. சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கிப்போன பெண்கள் நம் நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். பலருக்கு அது தெரியாமலே கல்யாணமாகி, கர்ப்பமும் ஆகிவிடும். ஒன்பது மாதம் தாக்குப்பிடித்தவளுக்கு, பிறந்த குழந்தை அழுதுகொண்டிருக்கும்போதே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். ரத்த அழுத்தமோ பிரசவமாகி 3 முதல் 6 நாளுக்குள் மறுபடி ஏறுகிறது. சுகப்பிரசவமானவள் அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பாள். வீட்டில் வரும் வலிப்பை ஜன்னி என்றோ, காத்துக் கருப்பு என்றோ சொல்லி அரை நாள் போக்கிவிடுவோம். பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது என்று தாகத்தோடு படுக்கவைக்கும் வழக்கத்தையும் சொல்லியாகவேண்டும். பிரசவத்துக்குப் பின் ரத்தம் சுலபமாக உறையும். உடம்பில் நீர் வற்றினால் மூளையின் சிரைகளில் கட்டி அடைக்கும் வாய்ப்பு கூடும். தீராத தலைவலிதான் அதன் முதல் அடையாளம்.

இப்போது திருத்தணிக்கு வருவோம். 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. ம.பொ.சி. முதலான தலைவர்கள் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு மாறியதே தவிர, கொள்வினை கொடுப்பினை மாறவில்லை. ஆந்திரப் பக்கத்து நகரிக்கும் புத்தூருக்கும் வாழ்க்கைப்பட்ட பெண் தலைப்பிரசவத்துக்குத் திருத்தணிப் பக்கம் தாய் வீடு வருவாள். இங்கே வாழ்க்கைப்பட்டவள் அங்கே போவாள். ஏழு மாதம் ஒரு மாநிலத்தில் பார்த்த பிரஷரும் ரத்தப் பரிசோதனையும் தெலுங்கு அட்டையில் இருக்கும். இங்கே கவுன்டரில் முதலில் கேட்பது பிக்மி எண், அதாவது தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் எண். இவளுடைய வழக்கமான பிரஷர் என்ன என்று தெரியாதவருக்கு, இன்றைய 120 நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும்? திருவள்ளூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தபின் திருத்தணி அரசு மருத்துவமனை மாவட்டத் தலைமை மருத்துவமனையாக உயர்த்தப்பட்டிருக்கிறது. மருத்துவக் கல்லூரி இருக்கும் திருவள்ளூர் சுமார் 40 கிலோமீட்டர்; 1844-இல் தொடங்கிய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை உள்ள சென்னை சுமார் 85. எல்லைக்கு அப்பால், அரசு மகப்பேறு மருத்துவமனை உள்ள திருப்பதி சென்னையைவிடப் பக்கம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் லட்சக்கணக்கில் வந்து சேரும்போதும், டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவின்போதும் இந்தக் கிலோமீட்டர்களுக்கு ஒரு பொருளும் இல்லை.

இங்கேதான் முதல் மறுப்பு எழும். சிறிய ஊரில் இதையெல்லாம் எதற்கு வைத்துக்கொள்ளவேண்டும், சிக்கலானவர்களை எல்லாம் சென்னைக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் ஆயிற்று என்பார்கள். இதில் பாதி நியாயம் உண்டு. பல உறுப்புகள் செயலிழந்தவளுக்கும், டயாலிசிஸும் வென்டிலேட்டரும் பல யூனிட் ரத்தமும் வேண்டியவளுக்கும் பெரிய மருத்துவமனைதான் இடம். அப்படிப்பட்டவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஒரே இடத்தில் நிறையப் பார்த்தால்தான் கைப்பழக்கமும் வரும். ஆனால் உதிரப்போக்கு நிமிடக் கணக்கில் ஓடுகிறது, சாலை மணிக்கணக்கில். டிரானெக்ஸாமிக் அமிலத்தை 20 ஆயிரம் பெண்களிடம் சோதித்து 2017-இல் வெளியான 'உமன்' ஆய்வில், பிரசவமான 3 மணி நேரத்துக்குள் கொடுத்தபோது ரத்தப்போக்கால் இறப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதைத் தாண்டிக் கொடுத்தபோது பலன் தெரியவில்லை. அந்த 3 மணி நேரமும் திருத்தணியிலும் சாலையிலுமாகவே கழிந்துவிடக்கூடியது. அனுப்புவதென்றாலும், தேறுவதற்கு இடமிருக்கும்போதே அனுப்பவேண்டும். அதற்கு முதலில் கண்டுபிடித்திருக்கவேண்டும். கையில் டிரிப்ஸ் இல்லாமல், நாடி பார்க்காமல், போகிற இடத்துக்கு ஒரு போன்கூடச் செய்யாமல் ஆம்புலன்ஸில் ஏற்றுவதைப் பரிந்துரை என்று சொல்வதற்கில்லை. பொறுப்பைக் கைமாற்றுவது என்றுதான் சொல்லவேண்டும்.

கண்டுபிடிக்க என்ன வழி? பிரிட்டனில் 1952 முதல் ஒவ்வொரு தாய் இறப்பையும் இன்னார் என்று பெயர் சொல்லாமல் ஆராய்ந்து அறிக்கை தருகிறார்கள். கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்களே 2004 முதல் இதே வழியில் ஆராய்கிறார்கள். தமிழ்நாட்டிலும் தாய் இறப்புத் தணிக்கை 1990-களிலேயே தொடங்கிவிட்டது. 2007-இல் வந்த பிரிட்டன் அறிக்கை, எண்கள் எழுதப்பட்டிருந்தும் அவை சொன்னதை யாரும் கேட்கவில்லை என்ற குறையைச் சுட்டி, முன்னெச்சரிக்கை அட்டவணையைப் பரிந்துரைத்தது. அது ஒரே ஒரு தாள். நாடி, மேல் எண், மூச்சு, வெப்பம், ஆக்சிஜன் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் மஞ்சள் பட்டை, சிவப்புப் பட்டை. நர்ஸ் எண்ணை எழுதாமல் புள்ளி வைக்கிறார். புள்ளி ஒன்று சிவப்பில் விழுந்தாலோ இரண்டு மஞ்சளில் விழுந்தாலோ மருத்துவரை அழைத்தே தீரவேண்டும். அழைப்பதா வேண்டாமா என்று தயங்க வேண்டியதில்லை. நள்ளிரவில் பெரிய டாக்டரை எழுப்பத் தயங்கும் இளம் செவிலியருக்கு இந்தத் தாள் ஒரு துணை. என் கணிப்பில் அதன் பெரும் பயனும் அதுவே.

இரண்டாவது மறுப்பு வலுவானது: வீண் எச்சரிக்கைகள். 676 பேரிடம் இந்த அட்டவணையைச் சோதித்து 2012-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், உண்மையில் ஆபத்துக்குள்ளானவர்களில் 89 சதவீதம் பேரை அது பிடித்தது. ஆனால் அது மணி அடித்தவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் உண்மையில் பிரச்சினை. பத்து முறை கூப்பிட்டால் ஆறு முறை ஒன்றுமில்லை. நெருக்கடி மிகுந்த வார்டில் இது எரிச்சலாகி, கடைசியில் யாரும் கண்டுகொள்ளாமல் போகும் ஆபத்து உண்டு. ஆனால் வீண் அழைப்பின் விலை ஐந்து நிமிடம். தவறவிட்ட அழைப்பின் விலை என்ன என்று சொல்லவேண்டியதில்லை. மூன்றாவது மறுப்பு அறிவியலுக்குள்ளிருந்தே வருகிறது. அதிர்ச்சிக் குறியீட்டைத் தானே கணக்கிட்டுப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு காட்டும் பிரஷர் கருவியை ஆப்பிரிக்கா, ஹைட்டி, நம் கர்நாடகத்தின் கோகாக் ஆகிய இடங்களில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் சோதித்தார்கள். இறப்பு உள்ளிட்ட பெரும் பாதிப்புகள் குறைந்தன. ஆனால் அவை எப்படியும் குறைந்துகொண்டுதான் இருந்தன என்பதைக் கழித்துப் பார்த்தால், கருவியால்தான் குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இந்த முடிவை ஒளிக்கக் கூடாது. இதை இ-மோட்டிவ் முடிவோடு பக்கத்தில் வைத்துப் படித்தால் எனக்குப் புரிவது இது: சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தால் போதாது, எரிந்த உடனே என்ன செய்வது என்பது முன்பே முடிவாகி, மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். விரிப்போடு சிகிச்சையும் சேர்ந்தே வந்தது. விளக்கோடு அப்படி ஏதும் வரவில்லை.

நம் எண்கள் மோசமில்லை. 2018–20 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54, ஆந்திரத்தில் 45, கேரளத்தில் 19. வீட்டுப் பிரசவம் ஏறக்குறைய ஒழிந்து, 108 ஆம்புலன்ஸும் ரத்த வங்கியும் சிசேரியன் வசதியும் பரவியபின் கிடைத்த இறக்கம் இது. இதற்குமேல் இறங்க, மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபின் நேரும் இறப்புகளைக் குறைக்கவேண்டும். அங்கே சாலையும் கட்டடமும் உதவுவதைவிட, பிரசவமான முதல் 2 மணி நேரம் கால் மணிக்கொரு முறை நாடியும் பிரஷரும் சேர்த்துப் பார்க்கிற ஆள் அதிகம் உதவுவார். மாவட்டத் தலைமை மருத்துவமனையாகிவிட்ட திருத்தணிக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், இன்னொரு வென்டிலேட்டருக்கு முன்னால், நான்கைந்து இடைநிலைக் கட்டில்கள், அவற்றுக்கென்றே மூன்று ஷிப்டிலும் ஒதுக்கப்பட்ட செவிலியர்கள், கோடு போட்ட விரிப்பு, வண்ணப் பட்டைத் தாள், தெலுங்கு அட்டையையும் படித்துச் சேர்த்துக்கொள்ளும் பதிவு முறை என்றுதான் சொல்வேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரசவமாகி 42 நாள் வரை, தீராத தலைவலி, கண் மங்கல், படுத்தால் மூச்சுத் திணறல், ஒரு மணி நேரத்துக்குள் பேட் நனைந்துபோகும் உதிரப்போக்கு, சிறுநீர் குறைவது, காய்ச்சலோடு நடுக்கம், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். 108-க்கு அழைக்கும்போதும், கேஷுவால்டியில் பெயர் எழுதும்போதும், என்ன செய்கிறது என்று சொல்வதற்கு முன்னாலேயே பிரசவமாகி எத்தனை நாள் ஆகிறது என்பதைச் சொல்லிவிடுங்கள். பார்க்கிற மருத்துவர் எந்த எண்ணை இயல்பு என்று எடுத்துக்கொள்வார் என்பது அதைப் பொறுத்தது.